நர்சிங் சீட்டும் மாற்று வழியும்: எங்கள் வீட்டில் நடந்தது, முழுதாக

உயிரியல் 84, வேதியியல் 76, இயற்பியல் 68. பிளஸ் டூ முடிவு வந்த அன்று காலை நான் வார்டில் இருந்தபோது அக்கா மகள் அனுப்பிய மூன்று எண்கள் இவை. கீழே "சித்தி, கெடைக்குமா?" என்று ஒரு வரி. பத்து மணி மருந்து கொடுத்து முடித்துவிட்டுக் கணக்குப் போட்டேன். தமிழ்நாட்டில் பி.எஸ்சி நர்சிங் தரவரிசைக்கு உயிரியலை அப்படியே 100-க்கு எடுத்துக்கொள்வார்கள், இயற்பியலையும் வேதியியலையும் கூட்டிப் பாதியாக்கி இன்னொரு 100. 84-ம் 72-ம் சேர்த்து 200-க்கு 156. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு நல்ல மார்க். ஆனால் சென்னை, மதுரை, செங்கல்பட்டு மாதிரி ஊர்களில் உள்ள அரசு நர்சிங் கல்லூரிகள் இந்த மார்க்குக்கு எட்டாது என்று முந்தைய வருட ஒதுக்கீட்டைப் பார்த்த யாருக்கும் தெரியும்.

இது நடந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. அக்கா வீடு ஆரணி பக்கம். மாமாவுக்கு அரிசி ஆலையில் வேலை, அக்கா பட்டுத் தறிக்குக் கூலிக்குப் போகிறாள், அவள் மகளை நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், அவளுக்குக் கீழே ஒரு தம்பி. நான் ஸ்டாஃப் நர்ஸ், ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ முடித்து, அப்புறம் அதைப் பட்டமாக்குகிற போஸ்ட் பேசிக் படித்தவள். ஒவ்வொரு மே மாதமும் இதே கேள்வியோடு யாராவது வருகிறார்கள். முதல் ஆசை என்ன என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அது கிடைக்காவிட்டால் என்ன என்பதைப் பயம் முற்றின பிறகு ஒரே ராத்திரியில் முடிவெடுக்கிறார்கள். அந்த ராத்திரி முடிவுகளால் வீணான பிள்ளைகளை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைத் தேதிவாரியாக இல்லாவிட்டாலும் நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போனபோதே வீட்டில் நாலு யோசனை காத்திருந்தது.

ஒன்று, தெருமுனையில் பழக்கமான ஒருவர் கொண்டுவந்த பெங்களூர் சீட். "ஸ்காலர்ஷிப்ல போட்டுடலாம், பத்தாயிரம் அட்வான்ஸ், ஒரிஜினல் சர்டிபிகேட் மட்டும் குடுங்க" என்றாராம். இரண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் துணிக்கடை மாடியில் நடக்கிற ஒரு வருட நர்சிங் சான்றிதழ்ப் படிப்பு. மூன்று, மாமாவின் யோசனை: ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து அடுத்த வருடம் திரும்ப முயற்சி செய்வது. நாலாவது, அக்காவின் யோசனை: பேசாமல் அரசு கலைக் கல்லூரியில் விலங்கியல் சேர்த்துவிடலாம், கண்ணுக்கு முன்னால் இருப்பாள்.

நான் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். இதைப் படித்து முடித்தால் நர்சிங் கவுன்சிலில் பெயர் பதிவாகுமா? தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் கவுன்சில் 1926-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடப்பது. அங்கே பதிவு எண் இல்லாதவர் நர்ஸ் இல்லை, எத்தனை சான்றிதழ் மாட்டி வைத்தாலும் சரி. என் பையில் எப்போதும் இருக்கிற பதிவு அட்டையை எடுத்து மாமா கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த நம்பரை வச்சுதான் மாமா வேலை. படிப்புக்கு என்ன பேருங்கறதெல்லாம் அப்புறம்" என்றேன்.

துணிக்கடை மாடி அந்தக் கேள்வியிலேயே அடிபட்டுப்போனது. அந்தப் படிப்பை முடித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், நர்ஸ் மாதிரியே உடை போட்டு நர்ஸ் செய்கிற வேலையில் பாதியைச் செய்து உதவியாளர் சம்பளம் வாங்குகிறார்கள். ஐந்து வருடம் கழித்தும் அதே சம்பளம். கை பழகியிருக்கும், மனசு இருக்கும், பதிவு மட்டும் இருக்காது. அதைப் பார்க்கிறபோது எனக்கு வயிறு எரியும்.

பெங்களூர் யோசனையை எடுத்த எடுப்பில் தள்ளவில்லை. கர்நாடகத்தில் நல்ல கல்லூரிகள் உண்டு, என்னோடு வேலை செய்கிற இரண்டு பேர் அங்கே படித்தவர்கள்தான். அந்த மாநில கவுன்சிலில் பதிந்துவிட்டு, பிறகு இங்கே மாற்றிப் பதிந்துகொள்ளலாம். அதற்குக் கல்லூரிக்கு அந்த மாநில கவுன்சிலின் அனுமதி இருக்க வேண்டும், சுகாதாரப் பல்கலைக்கழகத்தில் இணைப்பு இருக்க வேண்டும், இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் அந்த வருடத்துக்கு அந்தப் பெயரும் இடங்களின் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். இதையெல்லாம் பார்க்க முதலில் கல்லூரியின் பெயர் வேண்டும். அந்த மனிதர் பெயரைச் சொல்லவே இல்லை. "டாப் காலேஜுங்க" என்பதோடு நின்றுவிட்டார். பெயர் சொல்லாத கல்லூரிக்கு அசல் சான்றிதழைக் கேட்கிறார் என்றால் பேச ஒன்றும் இல்லை.

ஒரு வருடம் காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான யோசனை, கேட்க மட்டும் நியாயமாக இருக்கும். மாமா நீட் தேர்வை நினைத்துக்கொண்டு சொன்னார், அதில் திரும்ப எழுதினால் மார்க் ஏறும். மாநில ஒதுக்கீட்டில் பி.எஸ்சி நர்சிங்குக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். ஸ்டேட் போர்டில் பாஸான பாடத்தைத் திரும்ப எழுதி மார்க்கைக் கூட்டிக்கொள்ள வழியும் இல்லை. அடுத்த வருடமும் அதே 156-தான், வரிசையில் புதிதாக ஒரு கூட்டம் வந்து நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம். இதைச் சொன்னதும் மாமா வெகுநேரம் பேசவில்லை. எனக்கும் கஷ்டமாக இருந்தது, மகளுக்கு ஒரு வருடம் கொடுக்கிறேன் என்று அவர் பெரிய மனசோடு சொன்ன விஷயம் அது.

விலங்கியலை மட்டும் நான் மறுக்கவில்லை. அது நர்சிங்குக்கு மாற்று இல்லை, காத்திருக்கிற மாதங்களுக்கு ஓர் இடம். இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. கலைக் கல்லூரிகள் ஜூன் ஜூலையில் திறந்துவிடும், மருத்துவம் சார்ந்த படிப்புகளின் கலந்தாய்வு ஆகஸ்ட், செப்டம்பர், அதற்கு மேலும் இழுக்கும். இடையில் பிள்ளை சும்மா உட்கார்ந்தால் ஜூலை முடிவதற்குள் வீடே பதறிப்போய் யார் என்ன சொன்னாலும் தலையாட்டத் தயாராகிவிடும். அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. தினமும் காலையில் கிளம்பிப் போக ஓர் இடம் இருந்தால் அம்மாவும் பிள்ளையும் நிதானமாக இருப்பார்கள். ஒருவேளை எதுவுமே கிடைக்காவிட்டாலும் கையில் ஒரு பட்டப்படிப்பு ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, உண்மையான மாற்று வழி எது? இரண்டு இருந்தன.

ஒன்று அதே விண்ணப்பத்துக்குள்ளேயே இருக்கிறது. சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு வாங்குகிற ஒரே விண்ணப்பத்தில் பி.எஸ்சி நர்சிங்கோடு பி.பார்ம், பிசியோதெரபி, டயாலிசிஸ், அறுவை அரங்கு மற்றும் மயக்கவியல், இதய நுட்பம், கதிரியக்கம் என்று ஒரு பெரிய வரிசையே வருகிறது. நர்சிங் தவிர வேறு எதையும் எட்டிப் பார்க்காமல் விடுகிற பிள்ளைகள்தான் அதிகம். நோயாளியோடு இருக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் டயாலிசிஸ் பிரிவில் வாரம் இரண்டு மூன்று முறை வருகிற அதே முகங்களோடு நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பதும் அந்த ஆசைக்குள் வரும். இந்தப் படிப்புகளில் பலவற்றுக்கும் 2021-ல் தேசிய அளவில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. பாப்பாவை ஒரு நாள் எங்கள் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் அறை வாசலில் நிற்க வைத்தேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "மெஷினைத்தான் சித்தி அதிகம் பாக்கறாங்க" என்றாள். அவள் பார்வை அது. நான் வற்புறுத்தவில்லை.

இரண்டாவது, ஜி.என்.எம். டிப்ளமோ. இதற்குத் தனி அறிவிப்பு, தனி விண்ணப்பம். பி.எஸ்சி விண்ணப்பம் போட்டுவிட்டோமே என்று இதை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். படிப்பு மூன்று வருடம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளோடு சேர்ந்த பயிற்சிப் பள்ளிகளில் நடக்கிறது. முடித்தால் பி.எஸ்சி முடித்தவருக்குக் கிடைக்கிற அதே ஆர்.என்.ஆர்.எம். பதிவு, அதாவது நர்ஸ், மருத்துவச்சி இரண்டுக்குமான பதிவு. அதற்கு மேல் இரண்டு வருட போஸ்ட் பேசிக் படித்தால் பட்டமும் வந்துவிடும். நேராகப் படித்தால் நாலு வருடம், இந்த வழியில் ஐந்து. வித்தியாசம் ஒரு வருடம், அந்த ஒரு வருடத்துக்கும் நடுவில் சம்பாதித்துக்கொண்டு போகலாம். நான் போன வழி இதுதான். ஆனாலும் அன்று பாப்பா முகம் சுருங்கியது. "டிகிரி இல்லையா சித்தி?"

ஜூன் மாதம் இரண்டு விண்ணப்பமும் போட்டோம். அதற்கு முன் ஒரு நாள் முழுக்க ஆவணங்களுக்கே போனது: சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று. கடைசியில் சொன்னது புதுமைப் பெண் திட்டத்துக்கு. 2022 செப்டம்பரில் தொடங்கியது, மாதம் ஆயிரம் ரூபாய், பட்டப்படிப்புக்கு மட்டும் இல்லை, டிப்ளமோவுக்கும் உண்டு. ஒவ்வொன்றிலும் பத்து நகல் எடுத்து நீல நிற பிளாஸ்டிக் ஃபைலில் அடுக்கி, அசலை வேறு உறையில் போட்டு அக்காவின் பீரோவில் வைத்துப் பூட்டினோம். மாற்றுச் சான்றிதழ் ஒன்றுதான் வரும், அதுதான் இந்தக் கதை முழுக்க எங்களைச் சுற்ற வைத்தது.

கலைக் கல்லூரியில் சேரும்போது டி.சி.யைக் கொடுத்தாக வேண்டும், கொடுத்தோம். செப்டம்பரில் திரும்பக் கேட்டபோது கிடைக்க மூன்று நாள் ஆனது. ஒரு நாள் எழுத்தர் விடுப்பு, மறுநாள் முதல்வர் கையெழுத்து, மூன்றாம் நாள் நூலகத்தில் நிலுவை இல்லை என்று சீட்டு. மாமா மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு அந்த வராண்டாவில் நின்றார். ஒதுக்கீட்டு ஆணையில் சேரக் கொடுத்திருந்த அவகாசம் ஒரு வாரம்தான், இன்னும் இரண்டு நாள் தள்ளியிருந்தால் சீட் போயிருக்கும். இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது: தரவரிசைப் பட்டியல் வந்த அன்றே கல்லூரி அலுவலகத்தில் போய், விலக வேண்டியிருந்தால் என்னென்ன கையெழுத்து வேண்டும், யார் யாரிடம் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள். நூலகப் புத்தகத்தை அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இடைக்கால இடமாகத் தனியார் கல்லூரியைப் பிடிக்கிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் வெளியிட்ட அறிவிப்பின்படி அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது. கட்டணத்துக்கும் கணக்கு இருக்கிறது: சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்னதாக விலகினால் சிறு பிடித்தம் போக முழுதும் கிடைக்கும், அதற்குப் பிறகு கடைசி நாளுக்குள் என்றால் 90 சதவீதம், கடைசி நாள் தாண்டி 15 நாளுக்குள் 80, அடுத்த 15 நாளுக்குள் 50, ஒரு மாதம் தாண்டினால் ஒன்றும் இல்லை. நர்சிங் கலந்தாய்வு பெரும்பாலும் அந்த ஒரு மாதத்தைத் தாண்டித்தான் வரும். அதனால் திரும்பி வராது என்று வைத்துக்கொண்டு, இழக்க முடிகிற தொகைக்குள் அந்த இடம் இருக்க வேண்டும்.

இனி நாங்கள் செய்த தவறு. பி.எஸ்சிக்கு ஆன்லைனில் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிய வேண்டும். பாப்பா தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, அடித்து, திரும்ப எழுதி ஒன்பது கல்லூரி வைத்திருந்தாள். அரசுக் கல்லூரிகள், அப்புறம் வேலூர், காஞ்சிபுரம் சுற்றிலும் மூன்று தனியார் கல்லூரிகள். நான் போனில் கேட்டுவிட்டு "சரி" என்றேன். நைட் டியூட்டி முடித்துவந்த அசதி என்பது காரணம் ஆகாது, நான் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். முதல் சுற்றில் எதுவும் ஒதுக்கப்படவில்லை. அன்று சாயங்காலம் அக்கா போனில் அழுதாள், அதே நேரம் பார்த்து பெங்களூர்க்காரர் திரும்ப வந்து "இன்னும் ரெண்டே சீட்டு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாமா பீரோ சாவியைக் கேட்டாராம். அக்கா கொடுக்கவில்லை. அதற்காக நான் அவளை இன்றைக்கும் நினைத்துப் பெருமைப்படுகிறேன்.

வரிசைப் பட்டியலில் நிறைய கல்லூரி வைப்பதால் நஷ்டமே இல்லை. மேலே இருப்பது கிடைத்தால் கீழே இருப்பதை யாரும் தலையில் கட்டப்போவதில்லை. மேலே விரும்புவதை வையுங்கள், நடுவில் கிடைக்கக்கூடியதை வையுங்கள், கீழே ஏற்றுக்கொள்ளக்கூடிய எல்லாவற்றையும் வையுங்கள், போகவே மாட்டேன் என்பதை மட்டும் விடுங்கள். இரண்டாம் சுற்றுக்கு நான் நேரில் போய் உட்கார்ந்தேன். நாமக்கல், ஈரோடு, திண்டுக்கல் என்று 41 கல்லூரி வைத்தோம். நாமக்கல் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் வந்தது.

வீட்டில் பாயசம் வைத்தார்கள். மறுநாள் மாமா அந்தக் கல்லூரிக்குப் போன் செய்தார். அரசு ஒதுக்கீடு என்றால் படிப்புக் கட்டணத்துக்குத்தான் வரம்பு. விடுதி, சாப்பாடு, சீருடை, மருத்துவமனைக்குப் போகிற பஸ் என்று அவர்கள் சொல்லச் சொல்ல மாமா சிகரெட் அட்டையில் எழுதிக் கூட்டினார், முதல் வருடம் மட்டும் ஒரு லட்சத்து பத்தாயிரம் வந்தது. பதினோரு நாள் கழித்து டிப்ளமோவுக்கும் அழைப்பு வந்துவிட்டது, தெற்கே ஓர் அரசு மருத்துவமனையின் பயிற்சிப் பள்ளியில். தூரம் அதிகம். செலவு அந்த ஒரு லட்சத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

இதற்குள் நாமக்கல்லில் சேர அவகாசம் நீட்டிக் கொடுத்திருந்தார்கள், அது மட்டும் எங்கள் அதிர்ஷ்டம். எல்லா வருடமும் அப்படி அமையாது.

அந்த ராத்திரியை மறக்க முடியாது. அக்கா தன் செயினையும் கம்மலையும் கழற்றித் தட்டில் வைத்துவிட்டாள். "டிகிரி படிக்கட்டும், நாலு வருஷம் எப்படியோ ஓட்டிடலாம்" என்றார் மாமா. முதல் வருடம் அடகு வைத்துக் கட்டிவிடலாம். இரண்டாம் வருடம்? தம்பி அப்போது பத்தாவது. பணம் கட்ட முடியாமல் இரண்டாம் வருடத்தில் நின்றுபோன பிள்ளைகளுக்குக் கையில் எதுவுமே மிஞ்சாது, அரை நர்சிங் என்று ஒரு பதிவு கிடையாது. நான் இதைச் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தேன், நானே ஜி.என்.எம். என்பதால் அதற்காகப் பேசுகிறேன் என்று தோன்றிவிடுமோ என்று. பாப்பாதான் கேட்டாள்: "சித்தி, உங்க வார்டுல பி.எஸ்சி அக்கா யாரு, ஜி.என்.எம். அக்கா யாருன்னு நோயாளிக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். ஆனால் மற்றதையும் சொன்னேன், மறைக்கக் கூடாது என்று. அரசு ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) நடத்துகிற தேர்வை இருவரும் எழுதலாம். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வுக்கு பி.எஸ்சி முடித்தவர் நேராக எழுதலாம், ஜி.என்.எம். என்றால் 50 படுக்கையாவது உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். எம்.எஸ்சி படிக்கவும் கல்லூரியில் பாடம் எடுக்கவும் பட்டம் இல்லாமல் முடியாது. வெளிநாட்டு வேலைகளில் சிலவற்றுக்குப் பட்டம் கேட்பார்கள். ஜி.என்.எம். படிப்பையே நிறுத்தப்போகிறார்கள் என்று சில வருடங்களுக்கு முன் பேச்சு எழுந்தது, படிப்பு தொடர்ந்து நடக்கிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவளே தெற்கே போகிறேன் என்றாள். மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஊரில் கேட்டவர்களிடம் "நர்சிங் சேத்திருக்கோம்" என்று மட்டும் சொன்னார், டிப்ளமோ என்று சொல்லவில்லை. அந்த வருத்தத்தைச் சின்னதாக நினைக்க எனக்கு மனசு வரவில்லை, அந்த வீட்டில் முதல் பட்டதாரி என்கிற பேச்சு அவள் ஒன்பதாவது படிக்கும்போதே தொடங்கியது.

இந்த முடிவு எல்லோருக்கும் சரி என்று நான் சொல்ல மாட்டேன். நாமக்கல் கட்டணத்தை நாலு வருடமும் கடன் கழுத்தை நெரிக்காமல் கட்ட முடிகிற குடும்பம் என்றால் பி.எஸ்சியையே எடுக்கச் சொல்லியிருப்பேன், ஒரு வருடம் மிச்சம், பின்னால் வாசல்களும் அதிகம். அரசு ஜி.என்.எம்.முக்குப் பதில் அதே அளவு கட்டணம் கேட்கிற தனியார் ஜி.என்.எம். வந்திருந்தாலும் என் பதில் மாறியிருக்கும். எங்கள் விஷயத்தில் மாற்று வழியாக வைத்ததை முதல் வழி அளவுக்கே விசாரித்து வைத்திருந்தோம், அதனால் அந்த ராத்திரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. அதே பள்ளியில் படித்த இன்னொரு பெண் பெங்களூர் போனாள். முதல் வருடம் முடிவில் கல்லூரி சொன்ன கட்டணமும் தரகர் சொன்ன கட்டணமும் வேறாக இருந்தது, திரும்பி வந்துவிட்டாள், சான்றிதழ்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. அவள் அப்பாவுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், மானியக் குழு அறிவிப்பின் நகலையும் சேர்த்து.

பாப்பா இப்போது மூன்றாம் வருடம். பிரசவ வார்டில் போட்டிருக்கிறார்கள். முதல் பிரசவத்தை அருகில் நின்று பார்த்த அன்று ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன் செய்து, ஐந்து நிமிடம் எதுவும் பேசாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள். புதுமைப் பெண் பணம் மாதாமாதம் வருகிறது, அதில் முந்நூறு ரூபாயைத் தம்பிக்கு அனுப்புகிறாள்.

போன வாரம் வேறு கேள்வி வந்தது. படிப்பு முடிந்ததும் நேராக போஸ்ட் பேசிக் சேரவா, இல்லை இரண்டு வருடம் பெரிய மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு நார்செட் எழுதவா என்று. வேலை பார் என்பது என் எண்ணம். மாமாவுக்குப் பட்டம்தான் முதலில். இரண்டு விண்ணப்பத்துக்கும் என்னென்ன சான்று வேண்டும் என்று பாப்பா எழுதிக்கொண்டிருக்கிறாள், நீல ஃபைலைக் கொடுத்தனுப்பச் சொல்லி அக்காவிடம் கேட்டிருக்கிறாள்.